புளிய மரத்துல மாட்டின பை

அன்பு மவன் தமிழ்மணிக்கு, அப்பன் நான் சொல்லச் சொல்ல ஒன் மாமன் பொண்ணு கல்பனா எழுதுறது. நாங்க இங்க உசுரோட கெடக்கோம், நீயும் மருமவ கவியாவும் பூனாவுல ஒடம்புக்கு ஒண்ணுமில்லாம இருக்கணும். சாமை இந்த வருசம் பரவால்ல, பலாவத்தான் கரடி பூந்து தின்னுட்டு போச்சு, அது கெடக்கட்டும். போன்ல கூப்புடாம இன்னாத்துக்கு காயிதம்னு நெனப்ப.

நம்மூர்ல டவர் கெடைக்கிறது மொட்டப்பாறை புளிய மரத்துல மட்டுந்தானே. சாயங்காலம் பேசி முடிச்சி, ஊர் போனையெல்லாம் ஒரே மஞ்சப்பையில போட்டு கெளையில மாட்டிட்டு வந்துடுவோம், காலையில எடுத்து யார் கூப்ட்டாங்கன்னு பாப்போம். போனுங்க எங்க கெடக்குதுன்னு கம்ப்யூட்டர்ல பாத்த போலீசுக்கு அது காட்டுக்குள்ள தெனம் ரகசியக் கூட்டமா தெரிஞ்சிருக்கு. நாட்டுக்கு எதிரா சதின்னு ஜீப்புல வந்துட்டாங்க. பை யாருதுன்னு கேட்டாங்க. கல்பனாவோட அப்பன் சடையன் மாமன் சொம்மா இருக்காம, என்துதான் சார், ஒடுகத்தூர் ஜவுளிக்கடையில குடுத்ததுன்னாரு. அவரையே இட்டுக்கினு போய்ட்டாங்க, இன்னும் வுடல. வக்கீலு கைய விரிச்சிட்டாரு. கல்பனா கண்ணத் தொடச்சிக்கினுதான் இத எழுதுது.

காவல் வேணாம்னு நான் சொல்லலப்பா. தெரியாத ஆளு மலையேறுனா நாமளே நிறுத்தி எந்த ஊருன்னு கேக்குறவங்கதான். ஆனா அவன் வூட்டுப் பொம்பள அழுவறத ஒட்டுக் கேக்கமாட்டோமே. பூனா நம்பர் யாருதுன்னாரு ஜீப்புல வந்த அதிகாரி, எம்புள்ளதுங்கன்னேன். தெரியும்யா, மருமவளுக்கு வவுத்துல தங்கலன்னு ஒம்பொண்டாட்டி அழுதாளேன்னு ஊர் முன்னாடியே சொல்லிட்டாரு. நாம யாருக்கும் சொல்லாதது. ஒன் அம்மா பாஞ்சாலை அன்னைக்கு வூட்டுக்குள்ள போனவ ரெண்டு நாளு வெளிய வரல. கவியாகிட்ட இத சொல்லாத.

ஆடிக்கு வரேன்னியே, வராத. ஒன் நம்பரும் அவங்ககிட்ட இருக்குது. போனும் பண்ணாத, எங்க போனெல்லாம் போலீஸ் ஸ்டேசன்லதான் கெடக்குது. வேடியப்பன் உங்க ரெண்டு பேரையும் காப்பாத்தட்டும், அந்தப் பொண்ண திட்டாம வெச்சிக்க.

இன்னொண்ணு. இப்ப அந்த மரத்துல கேமரா மாட்டி வெச்சிருக்காங்க, ஊர்ல யாரும் அந்தப் பக்கம் போறதில்ல. ஒன் அம்மா மட்டும் பொழுது சாய தல சீவி, பூ வெச்சிக்கினு போய் அது முன்னாடி நிக்கிறா. ஏன்டின்னா, அவ்ளோ தூரத்துல இருக்குற யார் யாரோ பாக்குறாங்களே, எம்புள்ளைக்கு தெரியமாட்டேனான்றா.

இப்படிக்கு,
ஒன் அப்பன் சின்னாண்டி, கைநாட்டு