சிவப்புத் துணி கட்டிய சுவிட்ச்

இன்று காலை மொட்டை மாடியில் சின்னப் பேத்தி நகத்துக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தாள். அந்த வாசனை மூக்கில் ஏறியதுமே, "எழுந்து போய்க் கழுவு" என்று கத்திவிட்டேன். குழந்தை மிரண்டுபோய் என்னைப் பார்த்தது. நான் கத்துகிறவள் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். கத்தாமலே நாலு பேரை நடுங்க வைக்கிறவள் என்று நீங்கள்தான் சொல்வீர்கள். ஒரு மாதம் ஆகியும் அந்த இனிப்பு வாசனை என்னை விட்டுப் போகவில்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

துறைமுகத்து மின் பட்டறையிலிருந்து ஓய்வு பெற்றதும், தொழிற்சாலை ஆட்களை ஏற்றிக்கொண்டிருந்த பழைய வேன் ஒன்றை வாங்கி வந்து, விம்கோ நகரில் நம் வீட்டை ஒட்டிய காலி மனையில் நிறுத்தினீர்கள். உள்ளே இரண்டு படுக்கை, ஒரு அடுப்பு, சின்ன ஃபிரிட்ஜ், சன்னல்களுக்குத் திரை. "கடலோரமாவே போய்கினு இருக்கலாம் மேடம். எங்க தூக்கம் வருதோ அதான் வூடு." கான்வென்ட்டில் படித்தவளைக் கட்டிய நாளிலிருந்து நீங்கள் எனக்கு வைத்த பெயர் 'மேடம்'. "வூடு இல்லை, வீடு" என்று நானும் அன்றிலிருந்தே திருத்திக்கொண்டிருந்தேன்.

பழவேற்காட்டுக்கு ஒருமுறை போனோம். இரண்டு பெரிய ஆசிட் பேட்டரிகளும் மதியத்துக்குள் படுத்துவிட்டன. மின்விசிறி நின்றது. ஃபிரிட்ஜில் இருந்த வஞ்சிரம் நாறிப்போனது. இந்தப் பெட்டிக்குள் இனிமேல் கால் வைக்க மாட்டேன் என்று சொன்னேன். அடுத்த வாரமே புளியந்தோப்பிலிருந்து பேட்டரி வேலை செய்கிற சலீமை அழைத்து வந்தீர்கள். கூரை மேல் இரண்டு சோலார் பலகைகள், படுக்கைக்கு அடியில் லித்தியம் பேட்டரி. ஆக, அந்தப் பேட்டரி வந்ததே என்னால்தான்.

பழைய பேட்டரிகளை இறக்க இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். புதியதைச் சலீம் ஒரு கையில் இடுக்கிக்கொண்டு வந்தான். "இன்னா நைனா, பஞ்சு மாரி கீதா? ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்க. பழசு மாரி மூடியத் தொறந்து தண்ணி கிண்ணி ஊத்திடாத. இதுக்குத் தண்ணியே ஆவாது." உள்ளே இருந்த ஒரு பச்சை சர்க்யூட் அட்டையைக் காட்டினான். பேட்டரி நிரம்பியதும் சார்ஜை நிறுத்துவது அதுதானாம். "இது போச்சுன்னா, வெயில் பாட்டுக்கு ஏத்திக்கினே இருக்கும்." படியில் நின்று நானும் கேட்டேன். பேட்டரிக்கு வழக்கமாக ஊற்றும் தண்ணீரைப் பற்றிச் சொல்கிறான் என்று எடுத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஃபாதர் வந்து வண்டியை மந்திரித்தார். சக்கரங்களிலும் முன்கண்ணாடியிலும் தீர்த்தம் தெளித்தார். நீங்கள் அவரை வழியனுப்பத் தெருமுனை வரை போனீர்கள். பாட்டிலில் பாதித் தீர்த்தம் மிச்சம் இருந்தது. ஒரு காரியத்தை அரைகுறையாகச் செய்து எனக்குப் பழக்கமில்லை. வண்டிக்கு உயிரே அந்தப் பேட்டரிதான், அதற்கு ஆசீர்வாதம் வேண்டாமா என்று படுக்கைப் பலகையைத் தூக்கினேன். மேல்மூடியை நீங்கள் இன்னும் திருகவில்லை. சிலுவை போட்டு, பாட்டில் காலியாகும் வரை ஊற்றினேன். மந்திரித்த உப்பு கலந்த தண்ணீர்.

திரும்பி வந்து என் ஈரக் கையைப் பார்த்தீர்கள். "இன்னா மேடம், உள்ளயும் ஊத்திட்டியா?"

"ஊற்றினேன். தப்பா?"

"தப்புன்னு யாரு சொன்னா?" என்று சிரித்துக்கொண்டே துண்டை எடுத்தீர்கள். புதன்கிழமை விடிந்ததும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள். ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

வேன் அப்படியே நின்றது. உங்கள் வருடப் பூசை நெருங்கியபோது, பூசை முடிந்ததும் அப்பா வண்டியிலேயே வேளாங்கண்ணி போகலாம், பிள்ளைகள் அதிலேயே தூங்கட்டும் என்று ஸ்டெல்லா சொன்னாள். உங்கள் பெண்ணின் ஆசையை நான் மறுக்கவில்லை. இரண்டு நாள் நானே உட்கார்ந்து வண்டியைத் துடைத்தேன். கதவருகில் ஒரு சுவிட்சில் எண்ணெய்ப் பிசுக்கோடு ஒரு சிவப்புக் கந்தை கட்டியிருந்தது. எவ்வளவு இறுக்கமான முடிச்சு. கத்தரிக்கோலால் வெட்டிக் குப்பையில் போட்டேன். மாப்பிள்ளை மார்ட்டின் வந்து அந்தச் சுவிட்சைப் போட்டார். "வெயில்லயே சார்ஜ் ஏறட்டும் அத்தை." அன்றிலிருந்தே பிள்ளைகள் அந்தப் படுக்கையை விட்டு இறங்கவில்லை.

மூன்றாம் நாள் அந்த வாசனை வந்தது. "மணலிக் காத்தும்மா" என்றாள் ஸ்டெல்லா. மேற்கே மணலியில் ரசாயன ஆலைகள் இருப்பதால், நம் பக்கத்தில் எந்த நாற்றத்துக்கும் அதுதானே பதில். நானும் சரியென்றுதான் சமையலறைக்குத் திரும்பினேன். சன்னல் வழியாகக் கொடியில் காய்ந்த துணிகள் கண்ணில் பட்டன. எல்லாம் மேற்கு நோக்கிப் பறந்துகொண்டிருந்தன. காற்று கடலிலிருந்து வந்தது. மணலியிலிருந்து வரவில்லை.

வேனுக்குள் பிள்ளைகள் இருவரும் படுக்கையில் குப்புறப் படுத்துப் படக்கதை படித்துக்கொண்டிருந்தார்கள். வாசனை அங்கே திகட்டியது. பலகையில் கை வைத்தேன். சோறு வடித்த பானையின் மேல் வைத்ததுபோல் இருந்தது. பலகை நடுவில் மேலே எழும்பியிருந்தது. "இறங்குங்கள்" என்றேன். "ஆயா, இந்தப் பக்கம் மட்டும்" என்றது சின்னது. கையைப் பிடித்து இழுத்தேன்.

மார்ட்டின் உள்ளே போய்ப் பலகையருகில் மண்டியிட்டார். நான் சலீமுக்கு ஃபோன் போட்டேன். விஷயத்தைச் சொன்னதும் அவன் கேட்ட முதல் கேள்வி, "ஸ்விட்ச்ச யாரு ஆன்ட்டி போட்டது? நைனா செவப்புத் துணி கட்டி வச்சிருந்தாரே."

கந்தை என்று நான் வெட்டி எறிந்தது அதுதான். லைனில் வேலை நடந்தால் சுவிட்சில் சிவப்புத் துணி கட்டுவார்கள், கட்டியவன் தவிர வேறு யாரும் அதை அவிழ்க்க மாட்டார்கள் என்று உங்கள் பட்டறையைப் பற்றி எத்தனையோ முறை சாப்பாட்டு மேசையில் சொல்லியிருக்கிறீர்கள். நான் மீன் முள்ளை எடுத்துக்கொண்டிருந்திருப்பேன்.

"ஃபாதர் வந்துட்டுப் போன அன்னிக்கே நைனா ஃபோன் பண்ணாரு. கை தவறி ரெண்டு சொட்டுத் தண்ணி வுட்டுட்டேன்டா சலீம், அந்தப் பச்ச அட்டைய மாத்திக் குடுன்னாரு. வியாழக்கெழம வரேன், அது வரிக்கும் அணைச்சு வைங்கன்னேன். அதுக்குள்ள அவரே பூட்டாரு. சாவு வூட்ல பேட்டரி பேச்ச எப்டி எடுக்குறது? துணிதான் கட்டிக்கீதேன்னு வுட்டுட்டேன்."

ஃபோன் ஸ்பீக்கரில் இருந்தது. மார்ட்டின் தலையை நிமிர்த்தினார். "மாமாவா தண்ணி ஊத்துனாரு? அவ்ளோ வருஷம் கரண்ட் வேல பாத்தவரு." பிறகு ஃபோனைப் பார்த்து, "ரெண்டு சொட்டுதானே பாய், நானே தூக்கி வெளிய வச்சிடவா?" என்று பலகையின் விளிம்பில் விரலைக் கொடுத்தார்.

"ரெண்டு சொட்டுன்னா தூக்கலாம் சார், ஓரமா புடிச்சு" என்றான் சலீம்.

ஃபோனை வாயருகே கொண்டுபோனேன். ஒரு வாக்கியம்தான், அதற்குள் நம் நாற்பத்து நான்கு வருடமும் இருந்தது. "அவர் இல்லை. நான் ஊற்றினேன். அரை பாட்டில். உப்புத் தண்ணீர்."

சலீமின் குரல் மாறியது. "சார், தொடாத. வெளிய வா. ஸ்விட்ச்ச அணைச்சிட்டு வண்டிய வூட்ட வுட்டுத் தூரத் தள்ளுங்க."

தெருவில் இருந்த நான்கு பேர் சேர்ந்து மனையின் நடுவரை தள்ளினார்கள். ஆட்கள் கையை எடுத்து விலகும்போதே உள்ளே பாம்பு சீறுவதுபோல் ஒரு சத்தம். சன்னல் வழியே வெள்ளைப் புகை கொட்டியது. நான் தைத்த திரைகள் முதலில் பிடித்தன. பிறகு அந்தப் படுக்கை. சின்னது என் புடவையைப் பிடித்துக்கொண்டு, "என் தலகாணி உள்ள கீது ஆயா" என்றது. 'கீது' என்பதைத் திருத்த எனக்கு வாய் வரவில்லை.

ஸ்டெல்லா இரண்டு நாள் பிள்ளைகளைத் தன்னருகிலேயே வைத்துக்கொண்டாள். பிறகு ஒன்றுதான் கேட்டாள். "அப்பா ஏம்மா உங்கிட்ட சொல்லல?"

பதில் எனக்குத் தெரியும். சொல்லியிருந்தால், 'தீர்த்தத்தால் கெடுதல் வருமா?' என்று ஆரம்பித்து ஒரு வாரம் உங்களை வதைத்திருப்பேன். என் தவறை என் முகத்துக்கு நேரே சொல்ல முடியாமல், ஒரு சுவிட்சில் கட்டி வைத்துவிட்டுப் போனீர்கள். அன்பென்று அதை நினைக்கிறேன். அந்த அன்பின் மேல் என் பேரப்பிள்ளைகள் மூன்று நாள் படுத்திருந்தார்கள் என்றும் நினைக்கிறேன். இரண்டையும் சேர்த்து யோசிக்க இன்னும் என்னால் முடியவில்லை.

நேற்று குளியலறையில் கெய்சர் சுவிட்சுக்குக் கையை நீட்டினேன். "செருப்பு போட்டுக்கினு போடு மேடம்" என்று எப்போதோ நீங்கள் சொன்னது நினைவுக்கு வந்தது. யாருக்குக் கட்டளை போடுகிறார் என்று அன்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஏன் என்று கேட்கவில்லை. மறுநாள் குளியலறை வாசலில் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு இருந்தது. இத்தனை வருடமும் அதை மாட்டிக்கொண்டுதான் போகிறேன், குளிர்ந்த தரைக்காக என்று நினைத்துக்கொண்டு.

ஷாக் அடிக்காமல் இருக்கத்தான் அந்த ரப்பர் என்று நேற்றுதான் உறைத்தது. கையை எடுத்துக்கொண்டேன். சலீம் வந்து பார்க்கும்வரை யாரும் அதைத் தொடக்கூடாது என்று சொல்லியிருக்கிறேன். இப்போது வீட்டில் ஒவ்வொரு சுவிட்சுக்கும் முன்னால் நின்று, இதைப் பற்றி நீங்கள் எப்போதாவது சிரித்துக்கொண்டே ஏதாவது சொன்னீர்களா என்று யோசிக்கிறேன்.

நிறையச் சொல்லியிருக்கிறீர்கள்.