சவுக்குத் தோப்பில் கை மாறிய சைக்கிள்

21-1-1973, ஞாயிறு

தூக்கம் வரவில்லை. இன்று நான் சைக்கிள் ஓட்டினேன், பின்னால் அவர்!

கொட்டிவாக்கம் சவுக்குத் தோப்பைச் சுற்றிப் பார்க்கலாம் என்று மத்தியானம் கிளம்பினோம். அவருடைய சைக்கிள் பஞ்சர் என்பதால் நாத்தனாரின் லேடீஸ் சைக்கிள். வழக்கம்போல நான் கேரியரில். தோப்புக்குள் மணல் பாதை வந்ததும் இறங்கி நடந்தோம். வேர் ஒன்று தடுக்கி அவருக்குக் கணுக்கால் பிசகிவிட்டது. ஊன்றவே முடியவில்லை.

"நான் ஓட்டறேன், உக்காருங்கோ" என்றேன்.

"உனக்குத் தெரியுமா?"

கல்யாணத்துக்கு முன்பே தெரியும். ஆறு வருஷமாக யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மிதித்தேன். முதலில் தள்ளாடினேன், தார் ரோடு வந்ததும் பறந்தேன். ஆனால் எதிரே யாராவது வந்தால் போதும், அவர் ஒற்றைக் காலில் குதித்து இறங்கி, எனக்குச் சைக்கிள் கற்றுக்கொடுப்பவர் போல சீட்டைப் பிடித்துக்கொண்டு நொண்டுவார். ஆள் தாண்டியதும் ஏறிக்கொள்வார். நான்காவது தடவை ஒரு மீன்காரி பார்த்துவிட்டாள்.

"இன்னா நைனா, கால் நோவுதுன்னா குந்திக்கினு போயேன்! அந்தம்மா ஷோக்கா ஓட்டுதே!"

அப்புறம் அவர் இறங்கவே இல்லை. அபிராமபுரத்தில் எங்கள் தெருமுனையில் நானாகத்தான் பிரேக் பிடித்தேன். வாசலுக்கு வாசல் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

"ஏன் நிறுத்தினே? மணியடி, வழி விடட்டும்" என்றார்.

அடித்தேன். வீடு வரைக்கும் அடித்துக்கொண்டே வந்தேன். கட்டைவிரல் இன்னும் வலிக்கிறது. அவர் கால் எப்படி இருக்கிறது என்று கேட்கவே மறந்துவிட்டேன்.