சாக்ஸுக்கு மேலே கட்டிய ஷின் கார்டு

என் வாயாடி கலைக்கு,

கோபப்படாமல் படி. நம் யாழினி நேற்று திருவள்ளூரில் ஃபுட்பால் ஆடினாள். நீ கண்ணை மூடிய பிறகு அவள் மைதானத்தில் கால் வைத்தது இதுதான் முதல் தடவை. கோச் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓய்ந்துபோயிருந்தார். போன வாரம் அவளாகவே வந்து, "மேட்ச்சுக்குப் போறேம்பா" என்றாள். நான் அடுப்படிக்குள் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

கும்மிடிப்பூண்டியிலிருந்து பெரியபாளையம் வழியாக பைக்கில் கூட்டிப்போனேன். மைதானத்து ஓரத்தில் உட்காரவைத்து, ஷூ மாட்டி, ஷின் கார்டும் நானே கட்டிவிட்டேன். முழங்காலுக்குக் கீழே எலும்பில் உதை படாமல் காக்கிற அந்தப் பிளாஸ்டிக் தகடு உன் இலாகா. நீ இருந்தவரை என்னைத் தொடவிட்டிருக்கிறாயா? ஆனாலும் எனக்கென்ன தெரியாதா? இரும்பு மில்லில் இத்தனை வருஷமாகப் பழுக்கக் காய்ச்சிய கம்பிக்கு முன்னால் லெக் கார்டு கட்டிக்கொண்டு நிற்கிறவன். பேண்ட்டுக்கு மேலே கட்டுவதுபோலவே சாக்ஸுக்கு மேலே வைத்து, பட்டையை இறுக்கி, ஆட்டிப் பார்த்தேன். அசையவில்லை. எனக்கு ஒரே பெருமை.

ஆட்டத்துக்கு முன்னால் நடுவர் எல்லாப் பிள்ளைகளின் காலையும் பார்த்துக்கொண்டே வந்தார். நம் பிள்ளையிடம் நின்றுவிட்டார்.

"இன்னா பாப்பா, வெளிய கட்டிக்கினு வந்துகீற? சாக்ஸுக்கு உள்ள இருக்கணும். மாத்திக்கினு வா, அப்பதான் வுடுவேன்."

திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். முகம் இறுகிக் கிடந்தது. "ஊட்டுக்குப் போலாம்பா" என்றாள். இப்போது கிளம்பினால் இவள் இனி மைதானத்துப் பக்கமே வரமாட்டாள் என்று பட்டது. நான் கட்டிய கட்டால் எல்லாம் போச்சா, கலை?

"உள்ள போடணும்னு உனுக்குத் தெரியாதா கண்ணு?"

"தெரியும்பா. நீ ஆசையா கட்டிக்கினு இருந்த. இன்னான்னு சொல்றது?"

இப்படியொரு பிள்ளையை எப்படிப் பெற்றாய் நீ?

நான் மண்ணில் மண்டி போட்டேன். "அம்மா எப்டி வெக்கும், சொல்லு." அவள் சொல்லச் சொல்லச் செய்தேன். ஷூவைக் கழற்றி, சாக்ஸைக் கீழே இறக்கி, தகட்டின் குழிந்த பக்கத்தை எலும்போடு ஒட்டிவைத்துப் பட்டையைக் கட்டினேன். மேலே முட்டிக்குக் கீழ் இரண்டு விரல் இடம், கீழே பாதம் மடங்குகிற இடத்தில் இடிக்கக் கூடாது. அப்புறம் சாக்ஸை ஏற்றி நீவிவிட்டேன். நடுவில், "ரொம்ப இறுக்காதப்பா, கால் மரத்துப் பூடும்" என்று ஒரு அதட்டல். அச்சு அசல் நீதான்.

முடிந்தது என்று எழுந்தேன். அவள் காலை நீட்டியபடியே இருந்தாள். அப்புறம்தான் எனக்கு உறைத்தது. நீ கடைசியில் அந்தத் தகட்டைக் கதவு மாதிரி விரலால் தட்டி, "யாரு ஊட்ல?" என்று கேட்பாய். "நான்தாம்மா இருக்கேன்" என்று சிரித்துவிட்டு ஓடுவாள்.

தட்டினேன். கேட்க வாய் வரவில்லை, கலை.

"இருக்கேம்பா" என்றாள் அவளே. என் தலையை ஒரு தடவு தடவிவிட்டு உள்ளே ஓடினாள்.

தோற்றுத்தான் போனார்கள். ஆனால் திரும்பும்போது வழியெல்லாம் பின்னால் உட்கார்ந்து பேசிக்கொண்டே வந்தாள். யார் தள்ளிவிட்டது, யார் பாஸ் கொடுக்கவில்லை, எல்லாம். உன் வாய் அப்படியே அவளுக்கு வந்திருக்கிறது.

அடுத்த மேட்ச்சில் தட்டும்போது வாய்விட்டுக் கேட்டுவிடுவேன். உன்மேல் ஆணை.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன், யாழினியின் அப்பா