நீ எழுதிய மூன்று வரிகள்

இன்று காலை உன் பழைய லேப்டாப்பைத் திறந்தேன். விசிறி சுழன்று அதன் உடம்பு சூடேறியதும் விசைகளுக்கு இடையிலிருந்து தைல வாசனை வந்தது. தலைவலிக்கு நெற்றியில் தேய்த்துவிட்டு, அதே விரலோடு தட்டச்சு செய்ய உட்கார்ந்துவிடுவாய். நீ போய் இரண்டு வருடம் ஆகப்போகிறது. சூடு பட்டால் அந்த வாசனை இன்னும் வருகிறது.

வேலைக்கென்று நீ தனியாக வைத்திருந்த லேப்டாப் இது. உன் வீட்டுக்காரர் சிவா அண்ணன்தான் எடுத்துப்போகச் சொன்னார். "எனக்கு இதுல என்னம்மா தெரியும், நீ வச்சுக்க" என்று பையோடு கொடுத்தார். நம் புரோகிராமின் புதிய பதிப்பு எதுவானாலும் இதில் ஓட்டிப் பார்க்காமல் நான் வெளியிடுவதில்லை. "இந்தக் கெழவன்ல ஓடுனா எதுலயும் ஓடும்" என்பாய். இன்று ஐந்து மாதத்துக்குப் பிறகு ஒரு பதிப்பு தயாராக இருக்கிறது. அந்த ஐந்து மாதம் ஏன் சும்மா இருந்தேன் என்பதை உன்னிடம் சொல்ல வேண்டும். வேறு யாரிடம் சொன்னாலும் முதலில் பாதி நாள் விளக்க வேண்டியிருக்கும்.

கிள்ளானில் அந்தத் தனியார் மருத்துவமனையின் கணினிப் பிரிவில் நாம் இரண்டே பேர். மாடிப்படிக்கு அடியில், சன்னல் இல்லாத அறை. எக்ஸ்ரே படங்கள் சேர்ந்து சேர்ந்து சர்வர் நிரம்பிவிடும். நிரம்பினால் முன்பக்கத்தில் நோயாளிகளைப் பதிய முடியாது. மேலாளர் கதவைத் தட்டாமலே உள்ளே வருவார். "யாரும்மா எடத்தையெல்லாம் சாப்பிடுறது?" நமக்கும் தெரியாது. ஒவ்வொரு ஃபோல்டராகத் திறந்து, அளவு பார்த்து, மூடுவோம். ஒருநாள் நீ நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு, "கண்டுபிடிக்கிறதுக்கு நாமளே ஒரு புரோகிராம் எழுதிருவோம் லா" என்றாய், எதற்கும் ஒட்டுகிற உன் மலாய் 'லா'வோடு.

எண்ணுகிற பகுதி உன்னுடையது. எல்லா ஃபோல்டருக்குள்ளும் நுழைந்து, எது எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று கூட்டிக்கொண்டு வரும். வரைகிற பகுதி என்னுடையது. நீ கூட்டியதைத் திரையில் கட்டங்களாக்குவேன். பெரிய கோப்புக்குப் பெரிய கட்டம், சின்னதுக்குச் சின்னது, படத்துக்கு ஒரு நிறம், ஒலிக்கு ஒரு நிறம். முதல்முறை சர்வரில் ஓட்டியபோது திரையில் பாதி ஒரே சிவப்புக் கட்டம். திறந்து பார்த்தால் மேலாளருடைய மகளின் கல்யாண வீடியோ. நீ மேசையில் தலையைக் கவிழ்த்துச் சிரித்தாய். அதற்குப் பிறகு அவர் கதவைத் தட்டிவிட்டுத்தான் வந்தார்.

'இடம்' என்று பெயர் வைத்து இணையத்தில் இலவசமாகப் போட்டோம். முன்பின் தெரியாதவர்கள் எழுதினார்கள். சுபாங் ஜெயாவில் கல்யாண ஆல்பம் செய்கிற ஒருவர், "உங்களால என் கம்ப்யூட்டர் பொழச்சுது" என்று எழுதியதை நீ எழுந்து நின்று வாசித்தாய், ஏதோ பரிசளிப்பு விழா மாதிரி.

அழிக்கும் பொத்தானுக்காக நாம் போட்ட சண்டை உனக்கு நினைவிருக்கும். எழுதுகிறவர்களில் பாதிப் பேர் அதைத்தான் கேட்டார்கள். எது இடத்தை அடைக்கிறது என்று காட்டுகிறீர்களே, அங்கேயே அழிக்க ஒரு பொத்தான் வைத்தால் என்ன? பிரிக்பீல்ட்ஸில் வாழைப்பழத்தைப் பொரித்த பீசாங் கோரேங் வாங்கிக்கொண்டு கடை ஓரத்தில் நின்றபடி நான் அதை ஆரம்பித்தேன்.

"வச்சா என்னடி? மத்த புரோகிராம் எல்லாத்துலயும் இருக்கு."

"எண்ணுனது தப்பாப் போச்சுன்னா மறுபடி எண்ணிக்கலாம். அழிச்சது தப்பாப் போச்சுன்னா?"

"ஒன்னுக்கு ரெண்டு தடவ கேட்டுட்டுத்தானே அழிக்கும்."

"கேக்குறத எவன் படிக்கிறான்? யெஸ், யெஸ்னு அமுக்கிட்டே போவாங்க. நீயே அப்படித்தான்." காகிதப் பையிலிருந்து கடைசித் துண்டை எடுத்துக்கொண்டு, "காட்டுறதோட நம்ம வேல முடிஞ்சுது. அழிக்கிறது அவங்கவங்க கை. அதுக்குள்ள நாம போக வேணாம்" என்றாய்.

நான் தலையாட்டினேன். ஆனால் ஒப்புக்கொள்ளவில்லை. உனக்கு வீம்பு என்று நினைத்தேன்.

பிறகு உன் தொண்டையில் அந்தக் கட்டி. அறுவை செய்தால் பேச்சு வராது என்று டாக்டர் சொன்னதும் நீ ஒரு வாரம் தவணை கேட்டாய். அந்த ஒரு வாரம் அண்ணன் பள்ளிப் பேருந்தை எடுத்துக்கொண்டு போகிற நேரமெல்லாம் வீட்டுக் கணினி முன்னால் உட்கார்ந்து அவருக்காகப் பேசிப் பதிந்தாய். பதினோரு பதிவுகள். என்ன பேசினாய் என்று கேட்டேன். "அதெல்லாம் உனக்கெதுக்கு? சண்ட இருக்கு, சமையல் இருக்கு, எல்லாம் இருக்கு" என்றாய். நான் உன்னிடமிருந்து கேட்ட கடைசிப் பேச்சுகளில் அது ஒன்று. அதன் பிறகு எல்லாம் எழுத்துத்தான். படுக்கையிலிருந்தபடி பிழைகளைத் திருத்தினாய், குறுஞ்செய்தியில் என்னைத் திட்டினாய், ஒரு புதன்கிழமை பதில் வரவில்லை.

நான் விடாமல் செய்தேன். கடிதங்கள் வந்துகொண்டிருந்தன. நீ இல்லை என்று யாருக்கும் எழுதவில்லை. பதிலின் அடியில் நம் இருவர் பெயரையும் போட்டேன். மெனுக்களைத் தமிழில் கொண்டுவந்தேன். கணினியில் இருப்பதுபோல் தெரிந்தாலும் உண்மையில் இணையத்தில் மட்டுமே இருக்கிற கோப்புகளுக்குத் தனி நிறம் கொடுத்தேன். ஆனால் கணினி வட்டுகள் பெரிதாகிவிட்டன, நீ எழுதிய எண்ணும் பகுதி திணற ஆரம்பித்தது. காத்திருந்து காத்திருந்து அலுத்துவிட்டது என்று எழுதினார்கள். அதை நான் புதிதாக எழுதினேன். ஒன்றன்பின் ஒன்றாகப் போகாமல் ஒரே நேரத்தில் பல ஃபோல்டர்களில் நுழைகிற மாதிரி.

அப்படி எழுதும்போது உன்னுடைய மூன்று வரிகள் எனக்குப் புரியவில்லை. அவற்றுக்கு மேலே ஆங்கில எழுத்துகளால் தமிழில் 'இங்க நில்லு, உள்ள போகாத' என்று குறிப்பு வைத்திருந்தாய். நீ ஏதோ சோதித்துப் பார்த்துவிட்டு எடுக்க மறந்தது என்று நினைத்தேன். அவை இல்லாமல் ஓட்டினேன். ஓடியது, வேகமாகவும் ஓடியது. எடுத்துவிட்டேன்.

அடுத்த பதிப்பில் அழிக்கும் பொத்தானை வைத்தேன். இடம் உடனே கிடைக்க வேண்டும் என்று எல்லாரும் கேட்டதால், குப்பைத்தொட்டிக்குப் போகாமல் நேராக அழிக்கிற மாதிரி வைத்தேன். பாராட்டி வந்த கடிதங்களை எழுந்து நின்று வாசிக்கத் தோன்றியது. உன்னிடம் ஜெயித்துவிட்டேன் என்று சந்தோஷப்பட்டேன். மறைக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் கூப்பிட்டார். குரலில் அப்படியொரு உற்சாகம்.

"தங்கச்சி, டிஸ்க் ஃபுல்லுனு வந்துச்சும்மா. நானே அவ புரோகிராமப் போட்டு கிளியர் பண்ணிட்டேன். ரெண்டே நிமிசம்!"

"பரவாயில்லயேண்ணே."

"ஆனா ஒன்னு புரியல. அவ பேசி வச்ச ஃபோல்டர் காலியா காட்டுது. நான் அதத் தொடவே இல்ல."

அண்ணன் வீடு இருக்கிற சாலாக் செலாத்தானுக்குப் போகும் வழியெல்லாம் வேறு காரணங்களாகத் தேடிக்கொண்டு வண்டி ஓட்டினேன். போய் உட்கார்ந்து பார்த்த ஐந்தாவது நிமிடத்தில் தெரிந்துவிட்டது. அவர் அழித்தது 'டெம்ப்' என்று பெயரிட்ட குப்பை ஃபோல்டர். சரியானதைத்தான் அழித்தார். அதற்குள் நீ ஓர் இணைப்பு வைத்திருந்தாய். பதிவுகளை வெட்டி ஒட்டும்போது சுலபமாக இருக்கட்டும் என்று, குரல் இருந்த ஃபோல்டருக்குப் போகிற ஒரு கதவு. கதவு இங்கே, அறை வேறெங்கோ. அப்படிப்பட்ட கதவைக் கண்டால் அங்கேயே நிற்க வேண்டும், உள்ளே போகக்கூடாது. அதைத்தான் அந்த மூன்று வரிகள் செய்துகொண்டிருந்தன. தானாகவே அவர் கணினியில் வந்து இறங்கிய என் புதிய பதிப்பு கதவைத் திறந்து உள்ளே போய், அறையையும் சேர்த்துத் துடைத்துவிட்டு வந்தது.

அன்றே அந்தப் பதிப்பை இணையத்திலிருந்து எடுத்தேன், எச்சரிக்கை போட்டேன். தங்களுக்கும் இப்படி ஆனது என்று இரண்டு பேர் எழுதினார்கள். இருவருக்கும் வேறு பிரதி இருந்தது.

நமக்கு இல்லை. அண்ணனின் வட்டைக் கழற்றி, அழிந்ததை மீட்டுத் தருகிற கடைக்குக் கொண்டுபோனேன். அவர்களால் முடியவில்லை என்றதும் நானே இரண்டு வாரம் முயன்றேன். இந்த லேப்டாப்பிலும் மூலை முடுக்கெல்லாம் தேடினேன். கடைசியில் அண்ணனின் வட்டிலிருந்தே பதினோரு கோப்புகளும் கிடைத்தன. பெயர் சரியாக இருந்தது, அளவும் சரியாக இருந்தது. திறந்தால் சீறல் மட்டும்தான். முதலிலிருந்து கடைசி வரை ஒவ்வொன்றையும் கேட்டேன். எங்காவது ஒரு சொல் ஒட்டிக்கொண்டிருக்காதா என்று கேட்டேன். பிறகு அந்த வட்டில் 'இடம்' ஓட்டிப் பார்த்தேன், ஏன் என்று தெரியவில்லை. பதினோரு கட்டங்களும் ஒலிக்கு நான் கொடுத்த நீல நிறத்தில், உரிய அளவில், வரிசையாக நின்றன.

அண்ணனிடம் கிடைக்கவில்லை என்று மட்டும் சொன்னேன்.

"சரி விடும்மா. நான்தானே அமுக்குனேன்" என்றார். பிறகு, "நான் இன்னும் அதக் கேக்கவே இல்லம்மா" என்றார்.

"ஒன்னுகூடவா?"

"தைரியம் வரல. கேட்டு முடிச்சிட்டா அப்புறம் ஒன்னும் பாக்கி இருக்காதில்ல. மெதுவா கேட்டுக்கலாம்னு வச்சிருந்தேன்."

அப்போதுகூட நான் உண்மையைச் சொல்லவில்லை. ஏழு வாரம் அவர் தன்னைத் தானே நொந்துகொண்டு பேருந்து ஓட்டட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஏழு வாரம் கழித்துப் போனேன். பிள்ளைகளை இறக்கிவிட்டு வந்து, சட்டையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்திருந்தார். கதவு, அறை, மூன்று வரி எல்லாவற்றையும் சொன்னேன். நடுவில் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அவ எழுதுனது அப்படிச் செய்யாதும்மா."

"இப்ப இருக்கிறது அவ எழுதுனது இல்லண்ணே. நான் மாத்திட்டேன்."

அவர் முகம் மாறியதைக் கோபம் என்று நினைத்தேன். அது கோபமாக இருந்திருக்கலாம்.

"எவ்ளோ மாத்துன?"

"எண்ணுற பக்கம் முழுசா."

"அப்ப அவ எழுதுனது எங்கயுமே இல்லையா?"

"பழைய பதிப்பு இருக்குண்ணே. எடுத்து வச்சிருக்கேன். ஆனா இப்ப வர்ற கம்ப்யூட்டர்ல ஓடாது."

அவர் அந்தக் கணினியைப் பார்த்தார். தினமும் வேலை முடிந்து வந்ததும் அதை ஓட்டுவாராம். இடம் வேண்டியதில்லை, சும்மா கட்டங்கள் நிரம்புவதைப் பார்ப்பாராம், நீ உள்ளே எண்ணிக்கொண்டிருப்பதாக நினைத்துக்கொண்டு. பல மாதமாக அவர் பார்த்தது என்னை. அதை அன்றுதான் அவரும் தெரிந்துகொண்டார், நானும் தெரிந்துகொண்டேன்.

இப்போது கணினியின் மேல் துணி போட்டு மூடியிருக்கிறார். தீபாவளிக்குக் கூப்பிட்டேன். "நல்லாருக்கேன்மா" என்றார், வைத்துவிட்டார்.

மூன்று வரிகளையும் திரும்ப வைத்துவிட்டேன், உன் குறிப்போடு. பொத்தானை எடுத்துவிட்டேன். உனக்காக என்று சொல்லிக்கொள்ள ஆசைதான், பயத்தில் எடுத்தேன். 'இடம்' இப்போது மறுபடியும் மெதுவாகத்தான் ஓடுகிறது. ஏன் பின்னால் போகிறீர்கள் என்று கேட்டு எழுதுகிறார்கள், விட்டுப் போகிறார்கள். போகட்டும். இன்றைய பதிப்போடு ஒரு குறிப்பு எழுத வேண்டும், என்ன மாறியிருக்கிறது என்று. 'இணைப்புகளைத் தாண்டிச் சென்று அழிக்கும் பிழை நீக்கப்பட்டது' என்று எழுதியிருக்கிறேன். இதைவிட நீளமாக யாரும் எழுதுவதில்லை.

அன்று அண்ணன் வீட்டில் நடந்ததில் ஒன்றை மட்டும் இன்னும் சொல்லவில்லை. நான் கிளம்ப எழுந்தபோது அவர் தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"அவ குரல் உனக்கு ஞாபகம் இருக்காம்மா?"

"இருக்குண்ணே."

"ஒரு தடவ பேசிக் காட்டேன். அவ மாதிரி."

நான் மறுத்திருக்க வேண்டும். ஆனால் அவருக்குக் கொடுக்க என்னிடம் வேறு எதுவும் இல்லை. வாசலில் செருப்புப் போடும்போது நீ எனக்குச் சொல்வதைச் சொன்னேன். "சாப்ட்டுட்டுப் போ லா, என்ன தலபோற அவசரம்." சொற்கள் சரிதான், ஒன்றுகூட மாறவில்லை. நீ இழுக்கிற இடத்தில் இழுத்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் காத்திருந்தார்.

"இல்லம்மா" என்றார். "அப்படி இல்ல."

நானும் சொல்லும்போதே கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். எங்கே தவறுகிறது என்று தெரியவில்லை. வண்டிக்குள் உட்கார்ந்து கண்ணாடியை ஏற்றிவிட்டு மறுபடியும் சொல்லிப் பார்த்தேன். அப்போதும் அது என் குரலாகத்தான் வந்தது. அன்றிலிருந்து தினமும் ஒருமுறையாவது சொல்லிப் பார்க்கிறேன். ஒவ்வொரு நாளும் இன்னும் கொஞ்சம் என்னுடையதாகிக்கொண்டு வருகிறது.