இடது பக்கத்து ஸ்பீக்கர்

அப்பா,

சுவரைத் துளைக்கும்போது உதிரும் தூளுக்கு ஒரு வாசனை உண்டு. முதலில் சிமெண்டு, பிறகு செங்கல். வெந்த மண்ணின் அந்தச் சூடு மூக்கில் ஏறியதும் என் உடம்பு தானாகக் கதவுப் பக்கம் திரும்பிக்கொண்டது. ஓடத் தயாராக நின்றேன். ஓடுவதற்கு ஒன்றுமில்லை. வாலாஜாபேட்டையில் நானும் அம்மாவும் குடியிருக்கும் வீட்டில் இன்று காலை டிவி மாட்ட ஆள் வந்திருந்தார், அவ்வளவுதான். நீ போனபிறகு நாங்கள் வாங்கிய முதல் டிவி. கூடவே சுற்றிலும் வைக்கும் ஸ்பீக்கர் செட்டும். அம்மாதான் கேட்டாள். ஏன் கேட்டாள் என்று நான் விசாரிக்கவில்லை.

வந்தவர் சுவரில் பென்சிலால் ஒரு கோடு போட்டார். "இவ்ளோ ஒயரம் போதும் மா. குந்திப் பாத்தா கண்ணுக்கு நேரா வரும்."

"இன்னும் மேல போ பா," என்றாள் அம்மா. "கைக்கு எட்டாத மாரி வெச்சுரு."

"கழுத்து வலிக்கும் மா. இன்னா, வீட்ல வாலுப் பசங்க கீறாங்களா?"

"இல்ல பா. நாங்க ரெண்டு பேருதான்."

அவர் சிரித்துக்கொண்டே என்னைப் பார்த்தார். நான் குனிந்து ஸ்பீக்கர் அட்டைப்பெட்டியின் டேப்பைக் கிழித்தேன். கைக்கு எட்டாத உயரம் என்பது உன் கையை வைத்து எடுத்த அளவு என்று அவருக்கு எப்படிச் சொல்வது?

ஆம்பூரில் நம் வீட்டு முதல் டிவி மர ஸ்டூலின்மேல் இருந்தது, பெரிய பெட்டி போல. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். தோல் கம்பெனியில் மேஸ்திரி உன்னை எல்லார் முன்னாலும் திட்டியதை நீ சொல்லிக்கொண்டிருந்தாய். அதே நேரத்தில் டிவியில் வந்த நகைச்சுவைக்கு அம்மா சிரித்துவிட்டாள்.

"என் மானம் போன கதைய சொல்லிக்கினு கீறேன். உனக்கு இளிப்பு கேக்குதா?"

நீ எழுந்தாய். சுண்ணாம்புத் தொட்டியிலிருந்து ஊறிய மாட்டுத்தோலை ஒற்றை ஆளாக இழுத்துப் போடும் கைகள் உனக்கு. அந்தப் பெட்டியைக் குழந்தையைத் தூக்குவதுபோல் அலுங்காமல் தூக்கினாய். ஒயர் விறைத்து, பிளக் சுவரிலிருந்து தெறித்து வந்தது. வாசற்படியில் அது விழுந்தபோது கேட்ட சத்தம் உடைந்த சத்தம் அல்ல, வெடிச்சத்தம். கண்ணாடிச் சில்லு ஒன்று என் பாதத்தில் ஏறியிருந்ததை ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். அம்மா அதைப் பிடுங்கிவிட்டு, என் காதில் ரகசியமாகச் சொன்னாள்: "நம்மள தொடல பாரு."

அடுத்தது தட்டையான டிவி. அதன்மேல் நீ தண்ணீரோடு சொம்பை வீசினாய். திரைக்குள் கறுப்பு மை கொட்டியது போலப் பரவிக்கொண்டே போனது. ஒரு மூலையில் மட்டும் யாரோ ஆடிக்கொண்டிருந்தார்கள். நீ அந்த மூலையையும் காலால் உதைத்தாய். மறுநாள் காலை பக்கத்து வீட்டு மும்தாஜ் அக்கா மதில்மேல் எட்டிப் பார்த்துக் கேட்டாள்: "இன்னாண்ணே பேஜாரு இது? டிவி இன்னா பண்ணுச்சு உன்ன?"

"ரொம்ப சவுண்டு உட்டுச்சு. செவுட்டுல ஒண்ணு உட்டேன், அடங்கிருச்சு."

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். நீயும் சிரித்தாய். அம்மாகூடத்தான்.

செவுட்டுல உடுவேன். நம் ஊரில் அதைச் சொல்லாத வாய் எது? படிக்கட்டில் தொங்கும் பையனிடம் கண்டக்டர் சொல்வார். பால் குடிக்காத என்னிடம் அம்மாவே சொல்லியிருக்கிறாள். அதைக் கேட்டு யாரும் பயந்ததில்லை. காதோரத்துக் கன்னத்துக்கும் செவிடாகிப் போவதற்கும் ஒரே சொல்லை வைத்திருக்கிறோம் என்பதை நான் பின்னால்தான் கவனித்தேன். அடி விழும் இடமும், விழுந்த அடி விட்டுப்போவதும் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருந்தன.

மூன்றாவது டிவியோடு ஒரு இரும்புச் சட்டத்தையும் நீயே வாங்கி வந்தாய். கம்பெனியில் மெஷின் பழுது பார்க்கும் உன் தோஸ்திடம் டிரில்லிங் மெஷின் இரவல் வாங்கி, பனியனோடு ஸ்டூலில் ஏறி நின்று, நீயே சுவரைத் துளைத்தாய். உன் முடியெல்லாம் செங்கல் தூள். போல்ட்டை முறுக்கி முடித்துவிட்டுக் கீழே இறங்கி, கையைத் தூக்கிக் காட்டினாய். எட்டவில்லை. குதித்தும் பார்த்தாய்.

"பாத்துக்கோ. இனிமே எங்கைக்கு எட்டாது."

அதைவிடப் பெரிய மன்னிப்பை நீ எங்களிடம் கேட்டதில்லை. பிறகு ஸ்பீக்கர்களை மூலைக்கு ஒன்றாக வைத்து, அம்மாவை பிளாஸ்டிக் நாற்காலியில் நடுவில் உட்காரச் சொன்னாய். "இங்க கேக்குதா? இந்தப் பக்கம்?" என்று அவளைச் சுற்றிச் சுற்றி வந்தாய். மழைச் சத்தம் வரும் காட்சி ஒன்று ஓடியது. அம்மா தலைமேல் கையை வைத்துக்கொண்டு, "ஐய, நனையற மாரியே கீது!" என்றாள். அன்று நீ அப்படிச் சிரித்தாய். அந்தச் சிரிப்பை நான் பொய் என்று ஒருபோதும் நினைத்ததில்லை, அப்பா. இப்போதும் நினைக்கவில்லை.

நாம் மூன்று பேரும் செய்த தப்பு ஒன்றுதான். உன் கோபம் டிவியின்மேல் என்று நம்பிவிட்டோம். தரையில் இருந்தவரை அது அம்மாவுக்கு வரவேண்டிய அடியை வாங்கிக்கொண்டிருந்தது. அதைத்தான் சுவரில் ஏற்றிக் காப்பாற்றினோம்.

அடுத்த மாதமே அது தெரிந்துவிட்டது. முதல் ஷிப்டு முடிந்து நீ பசியோடு வந்திருக்கிறாய். கதவு உள்ளே தாழ்ப்பாள். அம்மா சமையற்கட்டில். கூடத்தில் நான் விட்டுவிட்டுப் போன சண்டைப்படம் அத்தனை ஸ்பீக்கரிலும் அலறிக்கொண்டிருந்தது. நான் பின்பக்கம் துணி அலசிக்கொண்டிருந்தேன். நீ எவ்வளவு நேரம் தட்டினாயோ. தாழ்ப்பாள் பிய்ந்து விழுந்த சத்தம் கேட்டுத்தான் நான் உள்ளே ஓடிவந்தேன்.

"காது கேக்கல? செவுடாடி நீ? செவுடா?"

கேட்டுக்கொண்டே டிவியைப் பார்த்தாய். உன் கண் முதலில் அங்கேதான் போனது. நான் பார்த்தேன். கையும் தூக்கினாய். எட்டவில்லை. சமையற்கட்டுப் பக்கம் திரும்பினாய்.

ஒரே அறைதான். ஈரத்தோலைக் கல்லில் அடித்தது போன்ற சத்தம். அம்மா அடுப்பு மேடையில் மோதி, சோற்றுப் பானையோடு கீழே விழுந்தாள். கஞ்சி அவள் முழங்காலில் கொட்டியது. அவள் அதைக்கூடத் துடைக்கவில்லை, இடது காதைப் பொத்திக்கொண்டு வாயைத் திறந்தாள். என்ன கத்தினாள் என்று எனக்குக் கேட்கவில்லை. நான்கு மூலையிலிருந்தும் யாரையோ யாரோ அடித்துக்கொண்டிருந்தார்கள். நீ அவள் முடியைப் பிடித்துத் தூக்கினாய். நான் உன் முதுகில் ஏறி, கையைக் கடித்தேன். பல் இறங்கும்வரை கடித்தேன். சுண்ணாம்பும் உப்பும் பச்சைத்தோலின் நாற்றமும் வாயில் நிறைந்தன. நீ என்னை உதறியதில் சுவரில் போய் விழுந்தேன். எழுந்து அரிவாள்மனையை எடுத்தேன். அதை வைத்து என்ன செய்திருப்பேன் என்று எனக்குத் தெரியும். அதை உன்னிடம் மறைக்கப்போவதில்லை. ஆனால் அதற்குள் நீ நின்றுவிட்டாய். அம்மா காதைப் பொத்தியிருந்த விரல்களின் வழியாக ரத்தம் வந்துகொண்டிருந்தது. நீ உன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய், அது வேறு யாருடையதோ என்பதுபோல.

அன்றே அவளை பைக்கில் உட்காரவைத்து வேலூருக்குக் கூட்டிப் போனாய். காது டாக்டர் எப்படி ஆயிற்று என்று கேட்டார். "பாத்ரூம்ல வழுக்கி உயுந்துட்டா சார்," என்றாய். அம்மா தலையசைத்தாள். உறவுக்காரர்களுக்கும் அதுவே. மும்தாஜ் அக்காவுக்கும் அதுவே. அவள் என்னைப் பார்த்தாள், நான் தரையைப் பார்த்தேன். கிழிந்த செவிப்பறை ஆறவேயில்லை. இடது பக்கம் முழுதாக அடைத்துக்கொண்டது.

அதன்பிறகு நீ மாறினாய் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. நீ மாறியது இரண்டு விஷயங்களில். சாப்பிட உட்காரும்போது தட்டை எடுத்துக்கொண்டு அவளுடைய வலது பக்கத்துக்கு வந்துவிடுவாய், நீ பேசுவது அவளுக்குக் கேட்கவேண்டும் என்று. அடிக்கும்போது முதுகில் மட்டும் அடித்தாய். காதை விட்டுவிட்டாய். இந்த இரண்டையும் ஒரே ஆள் எப்படிச் செய்தான் என்பதை நான் எவ்வளவோ புத்தகங்களில் தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை.

நீ போனதும் அடிபட்டுத்தான். மழை பிடித்த சாயங்காலம், ஹைவேயைக் கடக்கும்போது லாரி. உன்னைத் துணியில் சுற்றித்தான் கொடுத்தார்கள். முகத்தைக் காட்டமுடியாது என்றார்கள். கைகளில் மட்டும் ஒரு கீறல் இல்லை. அம்மா உன் வலது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு தெருவே கூடும்படி அழுதாள். எந்தக் கையைப் பிடித்திருக்கிறாய் தெரியுமா என்று கத்த வாயெடுத்தேன். கத்தவில்லை. இந்தப் பக்கம் உட்கார்ந்து மற்றக் கையை நான் பிடித்துக்கொண்டேன்.

இன்று டிவியை மாட்டி முடித்து, ஸ்பீக்கர்களை மூலைகளில் வைத்துவிட்டு, வந்தவர் அம்மாவை நடுவில் நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். ரிமோட்டை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக ஒலிக்கவிட்டார்.

"ரைட்ல வருதா மா?"

"வருது பா."

"பின்னாடி?"

"ஜோரா கீது."

"லெஃப்ட்ல?"

"நல்லா வருது பா. ஒண்ணும் கம்மி இல்ல."

அவர் ரிமோட்டைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். "மா, லெஃப்ட்ட நா இன்னும் ஆனே பண்ணலயே."

அம்மா முந்தானையின் நுனியைச் சுருட்ட ஆரம்பித்தாள். "அது வந்து பா, எப்பவோ பாத்ரூம்ல வழுக்கி உயுந்துட்டேன். அதுலேர்ந்து இந்தப் பக்கம் கொஞ்சம்..."

நீ சொல்லிக்கொடுத்த வாக்கியம். ஒரு எழுத்து மாறவில்லை. நீ இல்லாத வீட்டில், உன்னை ஒருமுறைகூடப் பார்த்திராத ஆளிடம், அவள் உன்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள். இதையும் விட்டுவிட்டால் அவள் சாகும்வரை வழுக்கி விழுந்தவளாகவே இருப்பாள் என்று தோன்றியது.

"வழுக்கி உழல," என்றேன். என் குரல் தேவைக்கு மேல் ஓங்கியிருந்தது. "எங்கப்பா அடிச்சது."

"இன்னாடி பேசற? வேத்தாளு முன்னாடி! செத்துப்போன மனுசன..."

"செத்துப்போனா? உனக்குக் காது வந்துருச்சா?"

அவள் எழுந்தாள். அடிக்கத்தான் வருகிறாள் என்று நினைத்தேன். எனக்கு எதிரில் வந்து நின்றாள். வந்தவர் ஸ்க்ரூடிரைவரைப் பையில் வைப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார். பிறகு அவள் என்னைவிட்டு அவர் பக்கம் திரும்பினாள்.

"செவுட்டுல உட்டாரு பா," என்றாள். "ஒரே அடி. அன்னிக்கே போச்சு."

அவர் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தார். பிறகு அவர் மெதுவாக, "எல்லா பாக்ஸையும் உங்க வலது கைப்பக்கமே வெச்சுடட்டுமா மா?" என்றார்.

"வெச்சுரு பா," என்று சொல்லிவிட்டு அவள் போய் அவருக்கு டீ போட்டாள்.

இப்போது மதியம். எல்லா ஸ்பீக்கரும் அறையின் ஒரே பக்கத்தில் வரிசையாக நிற்கின்றன, பார்ப்பதற்கு வேடிக்கையாக இருக்கிறது. அம்மா ஏதோ படம் பார்க்கிறாள். சண்டைக்காட்சி வந்தால் மாற்றிவிடுகிறாள். என்னோடு அவள் இன்னும் பேசவில்லை, ஆனால் சோறு போட்டாள். நான் அவளுக்கு இடது பக்கத்தில் தரையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

உன்னை நான் மன்னிக்கவில்லை. அம்மா முன்னால் உன் பேச்சை எடுப்பதும் இல்லை. ஆனாலும் ஒரு சொல் இருக்கிறது. எங்கே போனாலும் என்னோடு வருகிறது, இறக்கி வைக்க இடம் கிடைப்பதில்லை. சற்றுமுன் அதை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். "அப்பா" என்று, சத்தமாகவே, அவள் தோளுக்குப் பக்கத்தில்.

அவள் திரும்பவில்லை.