மூன்று மணிக்கு மறுபடியும் அதே படம்

ஏங்க,

அசந்து தூங்கினீர்கள், எழுப்ப மனசு வரவில்லை. சாப்பாடு ஹாட்பாக்சில், கட்டிலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. உங்கள் காலுக்குப் பயிற்சி கொடுக்கிறவர் பதினோரு மணிக்கு வருவார். சாவியைக் கீழ்வீட்டு அக்காவிடம் கொடுத்திருக்கிறேன், அவர்களே வந்து திறந்துவிடுவார்கள். ஊன்றுகோலோடு நீங்கள் எழுந்து ஓட வேண்டாம்.

நேற்று, "பழைய படம்னா ஆயிரம் இருக்கே. உங்க சேனல்ல மட்டும் ஏன் அதையே திருப்பித் திருப்பிப் போடுறீங்க? நீதானே போடுற, ஒரு படத்தை மாத்தக்கூட உனக்குத் துப்பில்லையா?" என்று கேட்டுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டீர்கள்.

எந்தப் படம் எத்தனை மணிக்கு என்று எழுதுவது நான்தான். ஆனால் முதலாளி வாங்கி வைத்திருப்பதே கொஞ்சம். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? புதிதாக நாலு படம் வாங்கலாம் என்று போன வாரமும் அவரிடம் கேட்டேன். "பாக்குறவங்க பாத்துக்கிட்டுத்தானேம்மா இருக்காங்க" என்றார். அப்படிப் பார்க்கிறவர்களில் ஒருவர் எழுந்து போக முடியாமல் என் வீட்டில் படுத்திருக்கிறார் என்று அவரிடம் எப்படிச் சொல்வேன்?

மாத்திரை, சாப்பிட்ட பிறகு.

இன்னொன்று. இன்றைக்கும் மூன்று மணிக்கு அதே படம்தான். விளம்பரமெல்லாம் சரியாக வருகிறதா என்று பார்க்க, நானும் ஆபீசில் உட்கார்ந்து அதை முழுசாகப் பார்த்தாக வேண்டும். இடைவேளையில் போன் பண்ணுங்கள். திட்டுவதற்கென்றாலும் எடுப்பேன்.