நீ போன வழியை அடைத்தேன்

என் அன்பு நைனாவுக்கு,

உன் பெண் முதல் வழக்கில் ஜெயித்துவிட்டாள். இதைச் சந்தோஷமாகச் சொல்லத்தான் ஆசைப்பட்டேன். தலையைக் குனிந்துகொண்டு சொல்லும்படி ஆகிவிட்டது.

சீனியரிடம் சேர்ந்ததிலிருந்து வாய்தா கேட்பதுதான் என் வேலை. இந்த ஒரு வழக்கை மட்டும் என்னையே நடத்தச் சொன்னார். வேப்பம்பட்டுக்காரர் தாமோதரன், வேலையிலிருந்து ஓய்வுபெற்றவர், ஆரம்பாக்கத்தில் நம் காலனிக்குப் பின்னால் ஒரு நிலம் வாங்கியிருந்தார். பக்கத்து வயல்காரர் அதன் குறுக்கே டிராக்டர் ஓட்டுகிறார், தடை வேண்டும் என்றார். பட்டாவிலும் வரைபடத்திலும் பாதை எதுவும் இல்லை. அதையே வாதாடினேன். இடைக்காலத் தடை கிடைத்தது. சீனியர் எல்லோருக்கும் டீ வாங்கித் தந்தார்.

அந்த உத்தரவை நம்பி தாமோதரன் நிலத்தைச் சுற்றிக் கம்பிவேலி போட்டு, காவலுக்கும் ஆள் வைத்தார்.

கொஞ்ச நாளில் கோவிந்தன் மாமா இறந்துபோனார். தேர்வாய் கண்டிகை தொழிற்சாலையில் உன்னோடு ஒரே ஷிஃப்டில் இருந்தாரே, அவர்தான். பாடை வேலியருகே வந்ததும் காவல்காரர் உத்தரவின் நகலை நீட்டியிருக்கிறார். தம்பி எனக்குப் போன் செய்தான்.

"இன்னாக்கா பண்ணி வச்சிகீற? சுடுகாட்டுக்கு வேற வழி ஏது? வக்கீலுன்னு உன் பேருதான் கீது."

"டிராக்டருக்குத்தான்டா ஆர்டர் வாங்கினேன்."

"நைனாவையும் இந்த வழியாதான் தூக்கினு போனோம். தெரியாதா உனக்கு?"

தெரியாது நைனா. பெண்கள் தெருமுனையோடு திரும்பிவிட வேண்டும் என்றார்கள். அம்மாவும் நானும் திரும்பிவிட்டோம். அதற்கப்புறம் நீ எந்த வழியாகப் போனாய் என்று நான் யாரையும் கேட்டதே இல்லை. மகளாகத்தான் கேட்கவில்லை, வக்கீலாகவாவது கேட்டிருக்க வேண்டாமா?

மாமாவை லாரிகளுக்கு நடுவே பெரிய ரோட்டைச் சுற்றித் தூக்கிப் போனார்கள்.

சுடுகாட்டுக்கு வழி விடச் சொல்லித் தாமோதரனிடம் கேட்கப் போவதாகச் சீனியரிடம் சொன்னேன். "ஜெயிச்ச கேஸ்ல நம்ம கட்சிக்காரர் மனசையே கலைக்கப் போறியா?" என்றார். ஆனால் தடுக்கவில்லை. தாமோதரனை நிலத்துக்கே அழைத்துப் போய், வேலிக்கு அந்தப் பக்கம் இருந்த சுடுகாட்டைக் காட்டினேன்.

"வித்தவன் இதைச் சொல்லலியேம்மா."

"நானும் விசாரிக்கல சார். எங்க நைனாவையும் இந்த வழியாதான் தூக்கினு போயிருக்காங்க."

நிலத்தின் ஓரமாக வழி விடச் சம்மதித்தார். அதை எழுதிப் பதிவும் செய்தாயிற்று. அந்தப் பக்கத்துக் கம்பியைத் தம்பிதான் அறுத்தான்.

காலனியில் யாரும் என்னைத் திட்டவில்லை. வழி வாங்கிக் கொடுத்த பெண் என்றுகூடச் சொல்கிறார்கள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. மாமாவுக்கு அந்த வழி கிடைக்கவில்லையே. மாமாவின் மனைவி சாரதா அத்தை வீடு இருக்கும் தெருவைத் தவிர்த்துச் சுற்றிப் போகிறேன். கறுப்புக் கோட்டை மடித்துப் பைக்குள் வைத்துக்கொள்கிறேன். அத்தையிடம் என்ன சொல்வேன்? சட்டப்படி தப்பில்லை என்றா?

நாளைக்குக் காலையில் போகிறேன் நைனா. அத்தை முகம் கொடுத்துப் பேசாவிட்டாலும், கதவைச் சாத்தினாலும், மாமாவைச் சுற்றிப் போக வைத்தவள் நான்தான் என்று என் வாயால் சொல்லாமல் திரும்ப மாட்டேன். இது உனக்குக் கொடுக்கும் வாக்கு.

உன் பெயரை முன்னெழுத்தாகப் போட்டுக் கையெழுத்திடும்
உன் மூத்த மகள்,
கௌரி